குரோமைப் பிடிக்கலாம், உப்பைப் பிடிக்க முடியாது

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் குரோமியத்தைத்தான் திட்டுவார்கள். பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கரிக்க வைத்ததோ உப்பு.

குரோமியச் சேர்மத்தால் தோலைப் பதப்படுத்தும் குரோம் பதனிடுதலில், முடியும் சதையும் நீக்கிய தோலை முதலில் உப்பும் கந்தக அமிலமும் கலந்த நீரில் ஓட்டி, பி.எச். அளவை (குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 3க்குக் கொண்டுவருவார்கள். இதுதான் பிக்கிள். உப்பில்லாமல் அமிலம் பட்டால் தோல் ஊதிக் கெட்டுவிடும். அடுத்து, தோல் எடையில் சுமார் 8 சதவீதம் குரோம் சல்ஃபேட். கழுத்துப் பக்கம் வெட்டிப் பார்த்தால் நடுவரை நீலம் ஏறியிருக்க வேண்டும். வெள்ளைக்கோடு தெரிந்தால், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்மை இன்னும் ஓட்ட வேண்டும். பிறகே சோடியம் பைகார்பனேட்டைக் கரைத்துத் தவணை தவணையாக ஊற்றி, பி.எச். 3.8 முதல் 4 வரை உயர்த்துவார்கள். அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினால் குரோம் மேல்பரப்பிலேயே படிந்து பச்சைத் திட்டு விழும்.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் வழக்கமான முறையில் போட்ட குரோமில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீரிலேயே நின்றுவிடும். அந்தத் தண்ணீரை மற்றக் கழிவோடு கலக்கவிடாமல் தனித்தொட்டியில் பிடித்து, மெக்னீசியம் ஆக்சைடு போட்டு பி.எச்.ஐ 8க்குச் சற்று மேல் ஏற்றினால் குரோமியம் ஹைட்ராக்சைடாக அடியில் இறங்கும். தெளிந்த நீரை வடித்துவிட்டு, வண்டலைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடி டிரம்முக்கு ஆகும். காஸ்டிக் சோடாவும் வேலை செய்யும். ஆனால் வண்டல் கொழகொழவென்று நின்று லேசில் இறங்காது. கைமீறிப் போட்டால் படிந்த குரோமும் திரும்பக் கரையும்.

உப்புக்கு இந்த வசதி கிடையாது. அதைப் படிய வைக்க மலிவான மருந்தில்லை, நுண்ணுயிரும் தின்னாது. ஆர்.ஓ. வைத்து, மிஞ்சிய கரைசலைக் காய்ச்சி வற்றவைத்தால் எரிபொருள் செலவும் ஒரு உப்புக் குவியலும்தான் மிச்சம். 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சரியான தீர்ப்பு. ஆனாலும் சுத்திகரிப்பு நிலையம் குழாயின் கடைசியில்தான் நிற்கிறது. 1998இல் பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் வகுத்த பசுமை வேதியியலின் 12 கோட்பாடுகளில் முதலாவதோ, கழிவை உண்டாக்கவே கூடாது என்பது.

அப்படிப் பார்த்தால் கைவைக்க வேண்டியது இரண்டு இடங்களில். ஒன்று பிக்கிள்: சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய தண்ணீரில்லா குரோம் முறையில் அந்தக் கட்டமே இல்லை, அதற்கான உப்பும் இல்லை. இன்னொன்று வரவுத்தோல், அதாவது ஆலைக்கு வந்து சேரும் பதனிடாத தோல். கெடாமலிருக்க அதன் எடையில் 40 சதவீதம் வரை உப்புத் தடவியிருப்பார்கள். ஊறப்போடும் முன் சட்டகத்தில் அடித்து உதறினால் ஒட்டாத உப்பு உலர்ந்தபடியே கழன்றுவிடும். அதைக் கூரைக்கடியில் சிமெண்ட் தளத்தில் வைக்க வேண்டும். வெளியில் குவித்தால் முதல் மழையிலேயே கிணற்றுக்குப் போய்விடும்.