ஜிஎஸ்டி காம்போசிஷன்: ஒரு சதவீதத்தோடு முடிவதில்லை

ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால் கடைக்காரர் 1 சதவீத வரி கட்டினால் போதும், உணவகத்துக்கு 5 சதவீதம். விற்பனையில் இப்படி ஒரு சிறு சதவீதத்தை மட்டும் ஜிஎஸ்டியாகக் கட்டும் ஏற்பாடுதான் காம்போசிஷன் திட்டம். அதில் சேரச் சொல்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் பார்த்த சிறு வியாபாரிகள் சிக்கியதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஒன்றரைக் கோடி என்பது கடைக்கு அல்ல, பான் எண்ணுக்கு. அதே பானில் இன்னொரு கடை இருந்தால் இரண்டையும் கூட்ட வேண்டும். காய்கறி, பால் மாதிரி வரியில்லாத சரக்கின் விற்பனையும் கணக்கில் வரும். வெளிமாநிலத்தில் வாங்கலாம், விற்கக் கூடாது. ஓசூர்க் கடைக்காரர் பெங்களூருக்கு ஒரே ஒரு லோடு விற்றாலும் தகுதி போய்விடும்.

ஏற்கெனவே சாதாரண ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர் மார்ச் 31க்குள் விண்ணப்பித்தால்தான் அடுத்த நிதியாண்டில் இதற்கு மாற முடியும். மாறும் நாளில் கையிருப்புச் சரக்குக்கு எடுத்திருந்த வரி வரவை, அதாவது வாங்கும்போது கொடுத்த வரிக்காகக் கழித்துக்கொண்ட தொகையை, திருப்பிக் கட்ட வேண்டும். அந்தத் தொகையைப் பார்த்துத் திகைத்தவர்கள் நிறைய, முன்பே கணக்குப் போடுங்கள்.

பழைய பில் புத்தகத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். அதிலிருக்கும் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி கட்டங்களைப் பழக்கதோஷத்தில் நிரப்பினால் வாடிக்கையாளரிடம் வரி வசூலித்ததாக ஆகும், அபராதம் வரும். வரிக் கட்டங்கள் இல்லாத ‘பில் ஆஃப் சப்ளை’ புத்தகம் தனியாக அடியுங்கள். வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர் என்ற வாசகம் அதன் மேலே இருக்க வேண்டும். உங்களிடம் வாங்குவோர் பெரும்பாலும் வியாபாரிகள் என்றால் இந்தத் திட்டமே வேண்டாம். உங்கள் பில்லை வைத்து அவர்கள் வரி வரவு எடுக்க முடியாது, வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

காலாண்டு முடிந்த மறுமாதம் 18ஆம் தேதிக்குள் வரி கட்டி சிஎம்பி-08 படிவம், ஜூன் 30க்குள் ஆண்டு ரிட்டர்ன் ஜிஎஸ்டிஆர்-4. வியாபாரமே நடக்காவிட்டாலும் தாக்கல் செய்ய வேண்டும். ஆண்டு ரிட்டர்ன் கெடு தாண்டி மூன்று மாதம் போனால் பதிவையே ரத்து செய்யலாம்.

நோட்டீஸ் இணையதளத்திலும் மின்னஞ்சலிலும்தான் வரும், பதில் சொல்ல ஏழு வேலை நாள். பலருடைய பதிவில் இருப்பதோ ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவரின் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும். சரக்கு அனுப்புகிறவர் “உங்க நம்பர் கேன்சல்னு காட்டுதே” என்று சொல்லும்போதுதான் கடைக்காரருக்கே தெரிகிறது. அலுவலகம் போனால் “ஆன்லைன்ல பாருங்க” என்பார்கள். இன்னொரு மேசையில் “இது சென்ட்ரல், இங்கே இல்லை”. ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் எண்ணைத் தேடினாலே மத்திய, மாநில வரி அலுவலகங்களில் எதன் கீழ் வருகிறீர்கள் என்று தெரியும், லாகின்கூட வேண்டாம். அதைப் பார்த்துவிட்டு வண்டி ஏறுங்கள்.

ரத்து உத்தரவு வந்தால் 90 நாளுக்குள் மீட்க விண்ணப்பிக்க வேண்டும். தவறினால், தக்க காரணம் காட்டி அதிகபட்சம் இன்னும் 180 நாள் கேட்கலாம், தருவது அதிகாரி கையில். முதலில் நிலுவை ரிட்டர்ன் எல்லாம் வட்டி, தாமதக் கட்டணத்தோடு முடிந்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் விண்ணப்பம் எழுதித் தருவதாகப் பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் இன்றே உங்களுடையதாக மாற்றுங்கள், அதற்கு அதிகாரியின் ஒப்புதல் தேவையில்லை. பாஸ்வேர்டு தர ரிட்டர்ன்காரர் மறுத்தால் அடையாளச் சான்று, தொழில் ஆவணங்களோடு நீங்கள் எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறீர்களோ அந்த அதிகாரியிடம் நேரில் போய்க் கேளுங்கள், அவரால் மாற்றித் தர முடியும்.