முகாமில் பிளக்கைச் செருகும் முன்

டெக்சாஸில் கேம்பர் வண்டிகளின், அதாவது படுக்கை, சமையலறையோடு வீடுபோல் தங்கிப் பயணிக்கும் வண்டிகளின், மின்பழுதுகளைச் சரிசெய்வது என் தொழில். பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் என்னை அழைப்பவர்களில் தமிழ்க் குடும்பங்களும் நிறைய இருக்கின்றன. சிலர் சொந்தமாக வண்டி வாங்கியவர்கள், பலர் ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தவர்கள். எல்லோரும் தொலைபேசியில் சொல்லும் முதல் வாக்கியம் ஏறக்குறைய ஒன்றுதான்: "சர்ஜ் அடித்து எல்லாம் போய்விட்டது." நேரில் போய் வண்டியைத் திறந்து பார்த்தால், மின்னலும் இருந்திருக்காது, மின்னழுத்தம் திடீரென எகிறும் சர்ஜும் வந்திருக்காது. அந்த இடத்து மின்பெட்டியில் ஒரு திருகு தளர்ந்திருக்கும், அல்லது பகல் முழுவதும் மின்னழுத்தம் தாழ்ந்தே கிடந்திருக்கும். சர்ஜ் என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவதால், சர்ஜை மட்டும் தடுக்கும் ஒரு மலிவான கருவியை வாங்கிவைத்துக்கொண்டு, கவலை தீர்ந்தது என்று பலரும் இருந்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

அண்மையில் பார்த்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். பெரிய 50 ஆம்பியர் வண்டி. மாலையில், இத்தகைய வண்டிகளை நிறுத்தித் தங்கும் முகாமுக்கு வந்து, கம்பியைச் செருகி, ஏசியைப் போட்டிருக்கிறார்கள். மைக்ரோவேவின் கடிகார எண்கள் வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்ததைச் சிறுமி ஒருத்தி கவனித்து அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அது அணைந்துவிட்டது. பின்னாலேயே கருகல் வாடை. வெளி மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றதாக மாற்றும் கன்வர்ட்டரை நான் மறுநாள் காலை திறந்தபோது, மின்னழுத்தம் எகிறினால் தடுப்பதற்காக உள்ளே இருந்த வேரிஸ்டர் இரண்டாகப் பிளந்து, சுற்றிலும் கரி படிந்திருந்தது. டிவியும் மைக்ரோவேவும் ஃபிரிட்ஜின் கட்டுப்பாட்டுப் பலகையும் போயிருந்தன. ஏசிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு பக்கத்துச் சாதனங்கள் மட்டும் எரிந்து மறுபக்கம் தப்பியிருந்தால், அனுபவம் உள்ள எவருக்கும் முதலில் தோன்றுவது, மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பியான நியூட்ரல்தான். முகாம் பொறுப்பாளர் மின்பெட்டியைத் திறந்து காட்டினார். நியூட்ரல் கம்பியின் உறை பழுப்பேறியிருந்தது. மின்சாரத்தை நிறுத்திச் சோதித்தபோது, அதைப் பிடித்திருந்த திருகு விரலாலேயே சுழன்றது.

இதில் நடப்பது என்னவென்று புரிந்துகொள்வது அவசியம். முகாம்களில் ஒவ்வோர் இடத்துக்கும் நட்டிருக்கும் மின்பெட்டியை இங்கே பெடஸ்டல் என்பார்கள். அதில் உள்ள 50 ஆம்பியர் சாக்கெட்டில் நான்கு துளைகள்: இரண்டு ஃபேஸ், ஒரு நியூட்ரல், ஓர் எர்த். ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120 வோல்ட், இரண்டு ஃபேஸ்களுக்கும் இடையே 240 வோல்ட். வண்டியின் சாதனங்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் 120 வோல்ட்டைப் பெறுவது நியூட்ரலின் தயவில்தான். நியூட்ரல் அறுந்தால் இரண்டு பக்கத்துச் சாதனங்களும் தொடராக இணைந்து 240 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன, அதுவும் சமமாக அல்ல. ஒரு பக்கம் 1,500 வாட் சுமையும் மறுபக்கம் 150 வாட் சுமையும் இருப்பதாக வைத்துக் கணக்கிட்டால், பெரிய சுமைக்குச் சுமார் 22 வோல்ட்டும், சிறிய சுமைக்குச் சுமார் 218 வோல்ட்டும் போய்ச் சேரும். 120 வோல்ட்டுக்குச் செய்த டிவி அதில் எத்தனை நொடி தாங்கும்? பிரேக்கர் விழுந்து காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். இந்த நிலையில் ஓடும் மின்னோட்டம் வெறும் 2 ஆம்பியர் சொச்சம், பிரேக்கருக்கு விழக் காரணமே இல்லை.

மூன்று துளைகள் கொண்ட 30 ஆம்பியர் சாக்கெட்டில் ஒரே ஃபேஸ்தான் இருப்பதால் இந்தப் பங்கீட்டு ஆபத்து இல்லை. நியூட்ரல் அறுந்தால் வண்டி இருண்டுபோகும், அவ்வளவே. ஆகவே, 50 ஆம்பியர் சாக்கெட்டின் நிலை சந்தேகமாக இருந்தால், முறையான மாற்று அடாப்டர் ஒன்றின் வழியே 30 ஆம்பியர் சாக்கெட்டில் இணைத்து, சாதனங்களைக் குறைத்துப் பயன்படுத்துவதையே நான் பரிந்துரைக்கிறேன்.

30 ஆம்பியர் வண்டிகள் எரிவது பெரும்பாலும் வீட்டு வாசலில்தான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வண்டியை வீட்டில் நிறுத்தி சார்ஜ் செய்ய ஒரு சாக்கெட் வைக்கச் சொன்னால், வண்டிகளோடு பழக்கமில்லாத எலக்ட்ரீஷியன், மூன்று துளை, 30 ஆம்பியர் என்றதும் துணி உலர்த்தும் இயந்திரத்துக்குரிய 240 வோல்ட் இணைப்பு என்று கருதி இரண்டு ஃபேஸ்களைக் கொடுத்துவிடுகிறார். கேம்பரின் 30 ஆம்பியர் சாக்கெட் 120 வோல்ட்டுக்கு மட்டுமே உரியது. அதைத் தாளில் எழுதியே அவரிடம் கொடுங்கள். வேலை முடிந்ததும் மல்டிமீட்டரில் அளந்து பார்க்காமல் வண்டியைச் செருகாதீர்கள்.

அடுத்தது, சத்தமின்றி ஆயுளைக் குறைக்கும் குறை மின்னழுத்தம். நம் ஊரில் கோடைக்கால மாலைகளில் பல்பு மங்கி, ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வாங்கி வைத்த தலைமுறை நாம். அமெரிக்க வீடுகளில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லாததால் முகாமிலும் இருக்காது என்று நினைத்துவிடுகிறோம். வீட்டின் இணைப்புக்கு மின்னழுத்தம் 114 முதல் 126 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள தர அளவு. முகாமிலோ நுழைவாயிலிலிருந்து கடைசி இடம் வரை நீளும் கம்பியின் இழப்பு தனி. அதோடு, அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பின் 551-ஆம் பிரிவு, முகாமில் எல்லோரும் ஒரே நேரத்தில் முழுச்சுமையை இழுக்க மாட்டார்கள் என்ற அடிப்படையில் கம்பியின் அளவைக் குறைத்துக் கணக்கிட அனுமதிக்கிறது. 36 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்கள் உள்ள முகாமில் மொத்தச் சுமையில் 41 சதவீதத்தைக் கணக்கில் கொண்டால் போதும். சாதாரண நாட்களுக்கு அது சரியான கணக்குதான். ஆனால், ஜூலை மாத நீண்ட விடுமுறையில், வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் மூன்று மணிக்கு, நிறைந்திருக்கும் முகாமில் ஒவ்வொரு கூரையிலும் ஓர் ஏசி, சிலவற்றில் இரண்டு, ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கணக்கு தடுமாறுகிறது. காலையில் 120 காட்டிய அதே சாக்கெட் பிற்பகலில் 104 காட்டுவதை நானே பலமுறை அளந்திருக்கிறேன்.

மின்னழுத்தம் குறைந்தால் சாதனம் மெதுவாக ஓடும், கெடாது என்பது தவறான நம்பிக்கை. சூடேற்றும் கம்பிச்சுருள் உள்ள சாதனங்களுக்கு வேண்டுமானால் அது பொருந்தும். ஏசியின் கம்ப்ரசர் மோட்டார் அதே அழுத்தத்துக்கு எதிராக அதே வேலையைச் செய்தாக வேண்டும் என்பதால், வோல்ட் குறையக் குறைய ஆம்பியரை அதிகமாக இழுக்கிறது. ஆம்பியர் கூடினால் வெப்பம் அதன் வர்க்க மடங்கில் கூடும். காயிலின் எனாமல் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கருகி, அந்தப் பயணத்தில் அல்ல, அடுத்த ஆண்டுப் பயணத்தில்தான் மோட்டார் நின்றுபோகும். அப்போது ஏசியின் தயாரிப்பைக் குறை சொல்வோம். வண்டிக்குள் ஒரு சாக்கெட்டில் எண் காட்டும் சிறிய வோல்ட்மீட்டரை எப்போதும் செருகி வைத்திருங்கள். அது 108-க்குக் கீழே இறங்கினால் மைக்ரோவேவையும் வெந்நீர்க் கலனையும் முதலில் அணையுங்கள். அப்படியும் ஏறாவிட்டால் ஏசியையும் அணைத்துவிட்டு ஆற்றங்கரைக்கோ மர நிழலுக்கோ போய்விடுங்கள். குழந்தைகள் முணுமுணுப்பார்கள், ஆனாலும் கம்ப்ரசர் தப்பிக்கும்.

சாதனங்களை விட எனக்குக் கூடுதல் கவலை தருவது எர்த் அறுந்த பெடஸ்டல். ரப்பர் சக்கரங்களின் மேல் நிற்கும் வண்டிக்கு மண்ணோடு தொடர்பு கிடையாது. மின்கம்பியில் வரும் எர்த் இழை மட்டுமே அதன் பாதுகாப்பு. அது அறுந்திருக்கும்போது உள்ளே ஏதோ ஒரு சாதனத்தில் கசிவு இருந்தால், வண்டியின் உலோக உடல் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஈரப் புல்லில் வெறுங்காலோடு ஓடிவந்து கதவுக் கைப்பிடியைப் பிடிக்கும் குழந்தைக்குத்தான் அது தெரியும். பெடஸ்டலின் 20 ஆம்பியர் சாக்கெட்டில் கசிவைக் கண்டு துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ இருக்கும். 30, 50 ஆம்பியர் சாக்கெட்டுகளில் பொதுவாக இருப்பதில்லை. கதவைத் தொடும்போது லேசாகச் சுருக்கென்றால்கூட, "ஸ்டாட்டிக்காக இருக்கும்" என்று விட்டுவிடாமல், எல்லோரையும் வண்டியிலிருந்து தள்ளி நிறுத்தி, பெடஸ்டலின் பிரேக்கரை இறக்குங்கள். தொடாமலே மின்சாரத்தைக் காட்டும் பேனா வடிவச் சோதனைக் கருவி குறைந்த விலையில் கிடைக்கிறது. இணைப்புக் கொடுத்த பிறகு அதை வண்டியின் வெளி உலோகத்தருகே கொண்டுபோய்ப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

இனி எதை வாங்குவது என்ற கேள்வி. கடையில் இரண்டு வகைக் கருவிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். விலை குறைந்தது வெறும் சர்ஜ் புரொடெக்டர்: அதற்குள் இருப்பது மின்னழுத்தம் திடீரென எகிறும்போது அதைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் வேரிஸ்டர்கள். ஒவ்வோர் அடிக்கும் அவை தேயும். பெட்டியில் எழுதியிருக்கும் ஜூல் அளவு, எவ்வளவு வாங்கிக்கொள்ளும் என்பதற்கான கணக்கு. குறை மின்னழுத்தத்தின்போது இந்தக் கருவி வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும். நியூட்ரல் அறுந்து 218 வோல்ட் தொடர்ந்து வந்தால் அதன் வேரிஸ்டர்தான் முதலில் எரியும், பிறகு உங்கள் டிவி. மற்றது இஎம்எஸ் எனப்படும் முழுக் கண்காணிப்புக் கருவி. சர்ஜ் தடுப்போடு, நியூட்ரல், எர்த், ஃபேஸ் இடம் மாறியிருப்பது ஆகியவற்றை முதலில் சோதித்து, தவறு இருந்தால் மின்சாரத்தை வண்டிக்குள் விடாது. உள்ளே விட்ட பிறகும், மின்னழுத்தம் ஏறத்தாழ 104-க்குக் கீழே இறங்கினாலோ 132-க்கு மேல் ஏறினாலோ துண்டித்துவிடும். மீண்டும் கொடுப்பதற்கு முன் இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகக் காத்திருக்கும். கம்ப்ரசருக்குள் அழுத்தம் சமமாகும்முன் மோட்டார் எழ முயன்றால் திணறி நின்றுவிடும் என்பதற்காக வைத்த தாமதம் அது, கருவியின் கோளாறு என்று அவசரப்பட வேண்டாம். விலை கூடுதல்தான், சில நூறு டாலர் ஆகும். ஒரு கூரை ஏசியையும் கன்வர்ட்டரையும் மாற்ற வாடிக்கையாளர்கள் கொடுக்கும் தொகையை அன்றாடம் பார்க்கிறவன் என்ற முறையில், இந்த ஒரு பொருளில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வாடகை வண்டி எடுப்பவர்கள், அதில் இந்தக் கருவி உள்ளே பொருத்தப்பட்டிருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள்.

கருவி இருந்தாலும் கண்ணால் பார்ப்பதைத் தவிர்க்கக் கூடாது. வண்டியை நிறுத்தியதும், சமன்படுத்தும் வேலைக்கு முன்பே, பெடஸ்டலுக்குப் போங்கள். பிரேக்கரை முதலில் இறக்கிவிட்டு, சாக்கெட்டின் துளைகளைப் பாருங்கள். பழுப்போ உருகலோ இருந்தால் அந்த இடம் வேண்டாம். பலரும் சுமை ஓடும்போதே பிளக்கைப் பிடுங்குவதால் பொறி பறந்து, உள்ளே இருக்கும் உலோகப் பிடிகள் தளர்ந்துபோகின்றன. தளர்ந்த பிடியில் வெறும் 0.2 ஓம் தடை ஏற்பட்டாலும், 25 ஆம்பியர் ஓடும்போது 5 வோல்ட் அங்கேயே இழக்கப்பட்டு, 125 வாட் வெப்பமாகிறது. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக்குக்குள் ஒரு பெரிய குண்டு பல்பை எரியவிடுவதற்குச் சமம். இந்தக் குறையைச் சுமையில்லாமல் அளக்கும் மல்டிமீட்டர் காட்டாது. ஆகவே கருவியைச் செருகி, பிரேக்கரை ஏற்றி, அது சரி என்று காட்டிய பின் மறுபடி பிரேக்கரை இறக்கி வண்டியை இணைத்து, ஏசி ஓடத் தொடங்கி அரைமணி கழித்து மீண்டும் ஒருமுறை போய்ப் பாருங்கள்: இரண்டு ஃபேஸ்களின் எண்களும் அருகருகே இருக்கின்றனவா, பிளக்கின் மேல்புறம் வெதுவெதுப்பாக இருக்கிறதா, கை வைக்க முடியாதபடி சுடுகிறதா என்று. ஒரு ஃபேஸ் 112-க்கு இறங்கி மற்றது 128-க்கு ஏறியிருந்தால் நியூட்ரல் தளரத் தொடங்கிவிட்டது என்று பொருள், அப்போதே துண்டியுங்கள்.

மின்னலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நேரடியாக அருகில் இறங்கும் இடியை எந்தக் கருவியும் தாங்கும் என்று நான் உறுதி தர மாட்டேன். மேகம் கறுக்கும்போதே, இடி நெருங்கும் முன், சாதனங்களை அணைத்து, பிரேக்கரை இறக்கி, பிளக்கைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் பேட்டரியில் இருங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு பெடஸ்டலுக்கு ஓடுவது உயிருக்கே ஆபத்து.

பழுதான பெடஸ்டலைக் கண்டால், அந்த இடத்தின் எண்ணையும் அளந்த வோல்ட்டையும் குறித்துக்கொண்டு, எரிந்த சாக்கெட்டைப் படமெடுத்து, முகாம் அலுவலகத்தில் காட்டி வேறு இடம் கேளுங்கள். நான் மேலே சொன்ன வண்டியின் விஷயத்தில், அந்த முகாம் பொறுப்பாளர் அன்று பிற்பகலே அந்தப் பெடஸ்டலைப் பூட்டி, அதே வரிசையில் இருந்த மற்றவற்றையும் என்னோடு திறந்து பார்த்தார். மேலும் இரண்டில் நியூட்ரல் திருகு தளர்ந்திருந்தது. அவற்றில் ஒன்றில் அப்போதுதான் ஒரு குடும்பம் வண்டியை நிறுத்தி, கம்பியை வெளியே எடுத்துக்கொண்டிருந்தது.