நெய்ப்பத்தியம்

போன வருஷம் ஆடி மாதம் என் தங்கை மகனுக்கு மதுரையில் ஒரு மருத்துவமனையில் புதுப் பத்தியம் தொடங்கினார்கள். பையனுக்கு ஏழு வயது. மூன்று வயதிலிருந்து வலிப்பு. ஒரு மருந்து, அது போதாமல் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது என்று கூட்டிப் பார்த்தும் நிற்கவில்லை. கடைசியாக மருத்துவர் சொன்னது கீட்டோஜெனிக் டயட், அதாவது சோறும் சர்க்கரையும் குறைத்து, கொழுப்பைக் கூட்டிக் கொடுக்கும் சாப்பாடு. பத்து நாள் அங்கேயே வைத்திருந்து பழக்கி, கையில் ஒரு தாளைக் கொடுத்துக் காரைக்குடிக்கு அனுப்பினார்கள்.

அந்தத் தாளில் காலை உணவுக்கு நேராக ஒரு வரி: கிளாரிஃபைட் பட்டர், 20 கிராம். என் அம்மா, பையனுக்கு ஆயா, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு ‘பட்டர்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். வீட்டிலேயே தயிர் கடைந்து எடுத்த வெண்ணெயைச் சின்னத் தராசில் வைத்து 20 கிராம் நிறுத்து, நான்கு நாள் கொடுத்தார். ஐந்தாம் நாள், பத்தியம் பிடிக்கிறதா என்று சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டையின் நிறம் வெளுத்துப்போயிற்று. கருஞ்சிவப்பாக வரவேண்டியது வெறும் ரோஸ் நிறத்தில் நின்றது. உணவு ஆலோசகரை ஃபோனில் கேட்டபோதுதான் தெரிந்தது: கிளாரிஃபைட் பட்டர் என்றால் உருக்கித் தெளிய வைத்த வெண்ணெய். அதாவது நம்முடைய நெய். ‘நெய்’ என்று இரண்டே எழுத்தில் எழுதியிருந்தால் என் அம்மாவுக்கு அந்த நான்கு நாள் தவறியிருக்காது.

அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தபோது எழுந்த கேள்விகளிலிருந்து வந்ததுதான் இந்தச் சொல் விளக்கம்.

முதலில் நெய். இன்று நெய் என்றால் பசு நெய், எருமை நெய், பருப்புச் சோற்றில் விடுவது, அவ்வளவுதான். பழந்தமிழில் அந்தச் சொல் இத்தனை ஒடுங்கியதாக இல்லை. வழவழப்பாக, ஒட்டும்படியாக, பிசுக்கோடு இருக்கும் எல்லாமே நெய். பழைய அகராதிகளைப் புரட்டினால் வெண்ணெய், எண்ணெய், தேன், கொழுப்பு, குருதி என்று பொருள் அடுக்கியிருக்கும். சங்கப் பாடல்களில் குருதிக்கு ‘நெய்த்தோர்’ என்றே ஒரு பெயர் உண்டு. அன்பு என்ற பொருளும் நெய்க்கு உண்டு. வடமொழியிலும் ‘ஸ்நேஹ’ என்ற சொல்லுக்கு எண்ணெய்ப் பசை, அன்பு என்ற இரண்டு பொருளும் இருக்கின்றன. பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து விடுகிற கையைப் பார்த்தவர்களுக்கு இரண்டும் ஏன் ஒரே சொல்லில் வந்தன என்று விளக்க வேண்டியதில்லை.

அந்த நெய் என்ற அடிச்சொல்லில் இருந்துதான் நம் அடுப்படிப் பெயர்கள் எல்லாம் கிளைத்தன. வெண்மையான நெய் வெண்ணெய். எள்ளின் நெய் எண்ணெய். எள் + நெய் என்பதில் ளகரமும் நகரமும் சேர்ந்து ண்ண என்று ஆகிவிடும், தெள் + நீர் தெண்ணீர் ஆவதுபோல. ஆக, எண்ணெய் என்ற சொல் பிறந்தபோது அது ஒரே ஒரு பொருளுக்குப் பெயர்: இன்று நல்லெண்ணெய் என்கிறோமே, அதற்கு. பிறகு தேங்காயிலிருந்து வந்ததும் எண்ணெய், கடலையிலிருந்து வந்ததும் எண்ணெய் என்று சொல் விரிந்தது. விரிந்த பிறகு பழைய எள் நெய்க்குத் தனியாக ஓர் அடைமொழி வேண்டியிருந்தது. அதனால் அது ‘நல்ல’ எண்ணெய் ஆயிற்று. மண்ணெண்ணெயில் எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை. ஆனாலும் பெயருக்குள் இரண்டும் இருக்கின்றன.

இது தமிழில் மட்டும் நடந்ததில்லை. வடமொழியில் திலம் என்றால் எள், திலத்திலிருந்து வந்தது தைலம். தெலுங்கில் நுவ்வு என்றால் எள், அதன் நெய் நூனெ. ஆங்கிலத்தின் ‘ஆயில்’ கிரேக்கத்திலும் லத்தீனிலும் ஒலிவப் பழத்தின் நெய்க்கு இருந்த பெயரிலிருந்து வந்தது. எந்த ஊரில் எந்த வித்து முதலில் ஆட்டப்பட்டதோ, அந்த வித்து மொத்த எண்ணெய்க்கும் பெயர் கொடுத்துவிட்டது.

சரி, கீட்டோஜெனிக் டயட்டுக்கு வருவோம். 1921-இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரஸல் வைல்டர் வைத்த பெயர் அது. பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்பது அதற்கு வெகு காலம் முன்பே தெரியும். ஆனால் பிள்ளையை எத்தனை நாள் பட்டினி போட முடியும்? பட்டினியில் உடம்பு தன் கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற பொருளை உண்டாக்குகிறது. சோறும் சர்க்கரையும் மிகக் குறைத்து, கொழுப்பை மிகக் கூட்டிக் கொடுத்தால், சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்போதும் உடம்பு அதே வழியில் போகும். இதுதான் அவர் கண்ட உபாயம். கீட்டோன் என்ற பெயருக்கு வேர் தேடினால் அசிட்டோன் வழியாக லத்தீனின் ‘அசெட்டும்’ வரை போகும். அசெட்டும் என்றால் புளித்த காடி.

‘டயட்’ என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்கு வாழும் முறை என்று பொருள். நம்முடைய ‘பத்தியம்’ வடமொழி ‘பத்ய’விலிருந்து வந்தது. அதற்கு அடி ‘பத’, அதாவது வழி. வழிக்குப் பொருந்தியது பத்தியம், பொருந்தாதது அபத்தியம். இரண்டு மொழிகளும் ஒன்றுக்கொன்று தெரியாமலே ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. தமிழிலேயே சொல்ல வேண்டுமானால் வள்ளுவர் 945-ஆம் குறளில் ‘மாறுபாடு இல்லாத உண்டி’ என்கிறார். உடம்போடு மாறுபடாத சாப்பாடு. பத்தியத்துக்கு அதைவிட நேரான தமிழ் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது சமையல்கட்டில் சொல்லும் சொல்லாக இல்லை. பத்தியம் என்பது எங்கள் வீட்டில் நூறு வருஷமாகப் புழங்கும் சொல். அதை விட எனக்கு மனமில்லை.

சிக்கல் என்னவென்றால், செட்டிநாட்டு வீடுகளில் பத்தியம் என்ற சொல்லின் முகம் மாறிப்போயிருக்கிறது. மஞ்சள் காமாலைக்குப் பத்தியம் என்றால் எண்ணெய் தாளிக்காத மோர்ச்சோறு. மருந்து சாப்பிட்டால் கடுகு ஆகாது, நல்லெண்ணெய் ஆகாது, கத்தரிக்காய் ஆகாது. பத்தியம் என்றாலே முதலில் விலகுவது எண்ணெய். இங்கே மருந்தே எண்ணெய்தான். “பிள்ளைக்கு வயித்துக்கு ஆகுமா, இவ்வளவு கொழுப்பா?” என்று அம்மா முதல் வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவரிடம் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பத்தியத்தை நினைவுபடுத்தினேன். பூண்டைப் போட்டு, நல்லெண்ணெய் மேலே மிதக்க மிதக்கக் குழம்பு வைப்போமே, லேகியத்தில் நெய்யைக் கொட்டுவோமே, அதுவும் பத்தியம்தானே? அதற்குப் பிறகுதான் சற்றுச் சமாதானமானார்.

‘கொழுப்பு’ என்ற சொல்லும் அம்மாவைப் பயமுறுத்தியது. ஃபேட் என்பதற்குப் பாடப்புத்தகத் தமிழ் அதுதான், தப்பில்லை. கொழு என்றால் வளம், செழிப்பு. கொழுங்குடி என்றால் வளமான குடும்பம். ஆனால் இன்று அந்தச் சொல் ரத்தப் பரிசோதனைத் தாளிலும் திட்டிலும்தான் காதில் விழுகிறது. “இருபது கிராம் கொழுப்பு கொடுங்க” என்றால் ஒரு பாட்டி தயங்குவார். “இருபது கிராம் நெய் கொடுங்க” என்றால் கொடுப்பார். அதனால் ஃபேட் என்பதற்கு உண்ணும் பொருள் என்ற இடத்தில் பழைய விரிந்த பொருளில் நெய் என்பதே சரி என்று நினைக்கிறேன். உடம்பில் சேர்வது கொழுப்பு, தட்டில் விடுவது நெய். எந்த நெய் என்று மட்டும் அடைமொழி சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த அடைமொழிதான் இந்தப் பத்தியத்தின் உயிர். எங்கள் பையனுக்குக் கொடுத்த விகிதம் நாலுக்கு ஒன்று. புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 8 கிராம் என்றால் கொழுப்பு 32 கிராம். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி, மற்றவை 4 கலோரி. கணக்குப் போட்டால் பத்தில் ஒன்பது பங்கு சக்தி கொழுப்பிலிருந்துதான் வருகிறது. நெய்யில் ஏறக்குறைய முழுக்கக் கொழுப்புத்தான். வெண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்குதான் கொழுப்பு, மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். வீட்டில் கடைந்ததில் மோர் இன்னும் கூடுதலாக நிற்கும். 20 கிராம் நெய்க்குப் பதில் 20 கிராம் வெண்ணெய் போட்டபோது 32 என்பது 28 ஆகிவிட்டது. நாலுக்கு ஒன்று மூன்றரைக்கு ஒன்றாகச் சரிந்தது. பட்டை வெளுத்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

அப்புறம் தேங்காய் எண்ணெய். தாளில் எம்.சி.டி. ஆயில் (மீடியம் செயின் ட்ரைகிளிசரைடு) என்று இன்னொரு வரி இருந்தது. தேங்காயிலிருந்து எடுப்பது என்று கடைக்காரர் சொன்னதும், செக்கில் ஆட்டிய எண்ணெய் வீட்டில் இருக்கிறதே, அதையே விடலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். அது இது இல்லை. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். எம்.சி.டி. என்பது அதைவிடக் குட்டையான சங்கிலி கொண்ட கேப்ரிலிக், கேப்ரிக் அமிலங்களைப் பிரித்துச் சேர்த்தது. குடலில் சுருக்க உறிஞ்சப்பட்டு நேரே கல்லீரலுக்குப் போய்க் கீட்டோன் ஆகும். கேப்ரிக் என்ற பெயர் ஆட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. லாரிக் என்ற பெயர் லாரல் மரத்திலிருந்து. நம் பிரியாணிப் பானையில் போடும் பிரிஞ்சி இலையும் பட்டையும் அந்த மரத்துக் குடும்பம்தான். எம்.சி.டி.க்குத் தமிழில் ‘இடைச்சங்கிலி நெய்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இதில் தாளிக்கக் கூடாது, சூடு தாங்காமல் சீக்கிரம் புகைந்துவிடும். சமைத்து இறக்கிய பிறகு கலக்க வேண்டும். ஒரேயடியாக விட்டால் வயிற்றைக் கலக்கும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினார்கள்.

நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் தாளில் இருந்தன. நெய்யை மட்டுமே கொடுத்தால் ரத்தத்தில் கொழுப்பு ஏறலாம் என்று கலந்து எழுதியிருந்தார்கள். செக்கில் எள் ஆட்டும்போது எண்ணெய் பிரியக் கருப்பட்டி போடுவது வழக்கம். பையனுக்கு இனிப்பே ஆகாது என்றிருக்க, இது என்ன ஆகும் என்று எனக்குக் கவலை. ஆலோசகரிடம் கேட்டேன். சர்க்கரை எண்ணெயில் கரையாது, பெரும்பாலும் புண்ணாக்கோடு போய்விடும், ஆனாலும் நன்றாகத் தெளியவிட்ட எண்ணெயை மேலாக எடுத்துப் பயன்படுத்துங்கள் என்றார்.

‘ரீஃபைண்ட்’ என்பதற்குச் சுத்திகரித்த எண்ணெய் என்று போடுகிறார்கள். இதைக் கேட்டால் மற்றதெல்லாம் அழுக்கு என்று தோன்றும். உண்மையில் பிசினை எடுத்து, அமிலத்தைப் போக்கி, நிறத்தை வெளுத்து, வாசத்தை நீக்குகிறார்கள். ‘மணம் நீக்கிய எண்ணெய்’ என்பது பொருத்தம். கொழுப்புக் கணக்கில் செக்கெண்ணெய்க்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. பாமாயிலைப் பனை எண்ணெய் என்று எழுதுவது தப்பு. நம் பனை வேறு, அது செம்பனை. வனஸ்பதி என்றால் காட்டுக்குத் தலைவன், மரம் என்று வடமொழியில் பொருள். டப்பாவில் வருவதோ எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றி உறைய வைத்தது. அந்த வேலையில் டிரான்ஸ் கொழுப்பு உண்டாகும் என்பதால்தான் 2022 முதல் எண்ணெய்களிலும் இத்தகைய கொழுப்புகளிலும் அதற்கு 2 சதவீத வரம்பு வைத்திருக்கிறார்கள். அதைப் பையன் பக்கம் நாங்கள் கொண்டுபோகவே இல்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது எடை குறைக்கிறவர்கள் செய்யும் கீட்டோ இல்லை. கொழுப்பை எரிக்க முடியாத பிறவிக் குறை உள்ள பிள்ளைக்கு இது ஆபத்து. அதனால் சோதனை செய்த பிறகுதான் தொடங்குவார்கள். பிறகும் சிறுநீரகக் கல், மலச்சிக்கல், வைட்டமின் குறைவு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இருமல் மருந்தின் இனிப்புக்கூடக் கணக்கில் வரும். எங்கள் ஊர் மண்டிக் குழம்பு பையனுக்கு இல்லை. அதை வைக்கும், அரிசி கழுவிய கழனியில் மாவு இருக்கிறது. கட்டிப் பெருங்காயமும் இல்லை, அதிலும் மாவு கலந்திருக்கிறது. வெள்ளைப் பணியாரம் சுடும் நாளில் அவனை மாடிக்குக் கூட்டிப் போய்விடுவேன்.

இப்போது அம்மா நெய்யை உருக்கி, கிண்ணத்தோடு நிறுக்கிறார். பையன் சாப்பிட்ட பிறகு கிண்ணத்தில் ஒட்டியிருப்பதை ரப்பர் கரண்டியால் வழித்து, முட்டையின் கடைசித் துண்டில் தடவி ஊட்டுகிறார். ஒட்டிக்கொண்டு நிற்பதும் மருந்துதான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வலிப்பு முன்பு வாரத்தில் நாலைந்து நாள் வரும். இப்போது மாதத்தில் ஒன்றிரண்டு. வந்தால் சாவியைக் கையில் திணிப்பதில்லை. எங்கள் வீட்டில் ஒரு முழ நீளச் சாவிகளுக்குக் குறைவில்லை, ஆனால் இரும்பால் வலிப்பு நிற்காது. ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரம் பார்க்கிறோம்.

பள்ளிக்கூடம் திறந்தபோது டீச்சருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. தங்கை ‘கீட்டோ டயட்’ என்று எழுதினாள். “இவ்வளவு ஒல்லிப் பிள்ளைக்கு எதுக்கு டயட்?” என்று டீச்சர் கேட்டார். மறுநாள் நான் வேறு தாளில் எழுதிக் கொடுத்தேன்: வலிப்புக்காக நெய்ப்பத்தியம் இருக்கிறான், நிறுத்துக் கொடுக்கும் சாப்பாடு, வெளியில் எதுவும் கூடாது. டீச்சர் படித்துவிட்டு, “பிறந்தநாளுக்குக் கொடுக்கிற ஒரு மிட்டாய்கூடவா?” என்றார். அதுவும் கூடாது என்றேன். அந்த வாரமே வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்தது. எல்லோருக்கும் மிட்டாய்க்குப் பதிலாகப் பென்சில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.