சலூன்: முடியே இல்லாத சொல்

"சலூனுக்குப் போயிட்டு வர்றேன்" என்றால் முடி வெட்டத்தான் என்று எல்லோருக்கும் புரியும். ஆனால் அந்தச் சொல்லில் முடியும் இல்லை, கத்தரியும் இல்லை.

இத்தாலியத்தில் சாலா என்றால் கூடம், சலோனே என்றால் பெரிய கூடம். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் சலூன் ஆனது. கப்பலில் பயணிகள் கூடும் அறை, ரயிலில் சொகுசுப் பெட்டி, அமெரிக்காவில் சாராயக்கடை என்று அங்கே பல வேலை பார்த்தது. சவரம் செய்யும் இடத்தையும் 'ஷேவிங் சலூன்' என்றார்கள். நம்மிடம் முன்பாதி உதிர்ந்து, கூடம் மட்டும் நின்றுவிட்டது.

அந்தக் கூடம் வீணாகவில்லை. காத்திருக்கும் பெஞ்சு, கை மாறிக் கை மாறிக் கசங்கிய தினத்தந்தி, ஓடிக்கொண்டே இருக்கும் ரேடியோ. திராவிட இயக்கம் வளர்ந்த காலத்தில் கட்சிப் பத்திரிகைகளை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டதெல்லாம் டீக்கடையிலும் இங்கேயும்தான். 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று பலகை மாட்டும் அளவுக்குப் பேச்சு நடந்தது! 18ஆம் நூற்றாண்டுப் பாரிசில் எழுத்தாளர்களும் சிந்தனையாளர்களும் கூடிப் பேசிய வரவேற்பறைகளுக்கும் இதே பெயர்தான். தூத்துக்குடியில் பொன் மாரியப்பன் தன் சலூனிலேயே நூலகம் வைத்து, புத்தகம் படிப்பவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கிறார். 2020இல் 'மனதின் குரல்' வானொலி உரையில் பிரதமர் அவரோடு பேசினார்.

எல்லோருக்கும் திறந்திருந்த கூடம் என்றும் சொல்லிவிட முடியாது. தலித்துகளுக்கு முடிவெட்ட மறுத்த ஊர்கள் பல.

சரி, தமிழில் என்ன எழுதுவது? பெயர்ப்பலகைகளில் பார்க்கும் 'சிகை அலங்கார நிலையம்' என்பதில் சிகையும் அலங்காரமும் வடசொற்கள். சவரமும் க்ஷௌரம் என்ற வடசொல்லின் திரிபே. அதற்கு 'மழித்தலும் நீட்டலும் வேண்டா' என்ற குறளிலேயே (280) தமிழ்ச்சொல் இருக்கிறது. ஆனால் மழித்தகம் என்று பெயர் வைத்தால் மொட்டை போடும் இடம் என்று நினைத்துக்கொள்வார்கள். 'முடி திருத்தும் நிலையம்' சரிதான், கொஞ்சம் நீளம். என் ஓட்டு முடிதிருத்தகத்துக்கு. அகம் என்றால் இடம், வீடு. எனவே பெஞ்சுக்கும் பேப்பருக்கும் அதில் இடமுண்டு.