ஒரு பிரேமுக்கு 16.67 மில்லிநொடி: திரைப்பதிவு ஏன் திக்குகிறது?

கணினித் திரையைப் பதிவு செய்து முடித்துப் போட்டுப் பார்க்கும்போது, ஒலி தடையின்றி ஓடிக்கொண்டிருக்க, படம் மட்டும் நின்று நின்று தாவுவதைப் பலரும் கண்டிருப்பார்கள். ஓபிஎஸ் ஸ்டுடியோ போன்ற மென்பொருளாக இருந்தால், என்கோடருக்கு, அதாவது படத்தைச் சுருக்கிக் கோப்பாக்கும் பகுதிக்கு, சுமை மிஞ்சிவிட்டது என்ற எச்சரிக்கையும் கீழே தோன்றியிருக்கும். அதைக் கண்டதும் பெரும்பாலோர் முதலில் பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடிப் பதிவுக்கு ஒதுக்கும் தரவின் அளவை, குறைக்கிறார்கள். அதனால் கோப்பு சிறிதாகும், படம் மங்கும், திக்கல் மட்டும் அப்படியே இருக்கும். அது ஏன் என்று அறிய, ஒரு பிரேம், அதாவது அசையும் படத்தின் ஒரு தனிப்படம், திரையிலிருந்து கோப்புக்குப் போய்ச் சேரும் வழியைச் சற்றுப் பின்தொடர வேண்டும்.

1920×1080 அளவுள்ள திரையில் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. புள்ளி ஒன்றுக்கு மூன்று பைட் என்று கொண்டால் ஒரு பிரேம் ஏறத்தாழ 62 லட்சம் பைட் ஆகிறது. நொடிக்கு 60 பிரேம் என்றால் ஏறக்குறைய 373 மெகாபைட். இதை அப்படியே எழுதி வைத்தால் ஒரு மணி நேரப் பதிவு 1.3 டெராபைட்டைத் தாண்டும். நாம் வழக்கமாகப் பதிவு செய்வதோ நொடிக்கு இரண்டு மூன்று மெகாபைட்தான். அதாவது, நூற்றைம்பதில் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கும் வேலையை, ஒவ்வொரு பிரேமுக்கும் 16.67 மில்லிநொடிக்குள் கணினி செய்து முடிக்க வேண்டும். அடுத்த பிரேம் காத்திருக்காது. சிறிய வரிசை ஒன்றில் சில பிரேம்கள் நிற்க இடமுண்டு. அது நிரம்பியதும், புதிதாக வருவது கைவிடப்படுகிறது. ஓபிஎஸ் அந்த இடத்தில் முந்தைய பிரேமையே மறுபடி வைத்து நிரப்பிவிடுவதால் பதிவின் நீளம் குறைவதில்லை, ஒலியும் விலகிப் போவதில்லை. படம் மட்டும் உறைந்து தாவுகிறது.

ஆனால் பிரேம் தொலையக்கூடிய இடம் இது ஒன்று மட்டுமன்று. முதலில் திரையின் படம் பிடிக்கப்படுகிறது. பிறகு கேமரா, எழுத்து, படம் முதலிய அடுக்குகளோடு சேர்த்து ஒரே காட்சியாக வரையப்படுகிறது. தேவையானால் அளவு சுருக்கப்பட்டு, என்கோடருக்கு ஏற்ற நிற வடிவத்துக்கு மாற்றப்படுகிறது. அதன்பிறகே என்கோடரிடம் போய், இறுதியில் வட்டில் எழுதப்படுகிறது. வரைவது முதல் நிறம் மாற்றுவது வரை பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் பொறுப்பு. என்கோடிங், நாம் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்து, பிராசசரிலோ கிராபிக்ஸ் சில்லுக்குள் இருக்கும் தனிச் சுற்றிலோ நடக்கும்.

ஓபிஎஸ்ஸின் ‘ஸ்டாட்ஸ்’ சாளரம் இழப்புகளைத் தனித்தனியாக எண்ணிக் காட்டுகிறது. வரைவதில் ஏற்பட்ட தாமதத்தால் தவறியவை, என்கோடிங் தாமதத்தால் விடப்பட்டவை, இணைய இணைப்பு போதாமல் கைவிடப்பட்டவை என்று மூன்று கணக்குகள் அதில் உண்டு. பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் ‘பிரேம் டிராப்’ என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பத்தில் பாதி இந்த ஒற்றைப் பெயரால் வந்தது. மூன்றாவது கணக்கு நேரலைக்கு மட்டும் உரியது. கணினிக்குள்ளேயே பதிவு செய்பவர் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பிட்ரேட்டைக் குறைக்கும் அறிவுரையும் அந்த மூன்றாவது நோய்க்கான மருந்துதான். இடம் மாறி இங்கே வந்துவிட்டது.

என்கோடரின் வேலையைப் பார்த்தால் இது தெளிவாகும். 2003-இல் வெளியான எச்.264 தரத்தில் ஒவ்வொரு பிரேமும் 16×16 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. 1080 என்பது 16-ஆல் மீதியின்றி வகுபடாததால் என்கோடர் உள்ளுக்குள் 1088 வரிசைகளாக எடுத்துக்கொள்ள, பிரேமுக்கு 8,160 கட்டங்கள் தேறுகின்றன. நொடிக்கு 60 பிரேம் வீதம், 4,89,600 கட்டங்கள். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் என்கோடர் கேட்கும் கேள்வி ஒன்றே: இதே போன்ற பகுதி முந்தைய பிரேம்களில் எங்கேனும் இருந்ததா? இருந்தால், எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்பதையும், எஞ்சிய சிறு வேறுபாட்டையும் மட்டும் எழுதினால் போதும். இந்தத் தேடலில்தான் நேரம் கரைகிறது. எவ்வளவு தொலைவு தேடுவது, எத்தனை பழைய பிரேம்களில் தேடுவது, கட்டத்தை இன்னும் சிறு துண்டுகளாக வெட்டிப் பார்ப்பதா, அரைப்புள்ளி, கால்புள்ளி அளவு வரை நுணுகிப் பொருத்துவதா என்பவையே உழைப்பின் அளவைத் தீர்மானிக்கின்றன. பிட்ரேட் இவற்றில் எதையும் பெரிதாகத் தொடுவதில்லை. கண்டுபிடித்ததை எழுதும் கட்டத்தில் சிறிது மிச்சமாகலாம்; தேடும் உழைப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

தேடலைக் கட்டுப்படுத்துவது ‘பிரிசெட்’ என்னும் அமைப்பு. பிராசசரைக் கொண்டு இயங்கும் எக்ஸ்264 என்கோடரில் ‘அல்ட்ராஃபாஸ்ட்’ தொடங்கி ‘மீடியம்’, ‘ஸ்லோ’ வழியாக ‘பிளசீபோ’ (மருந்தில்லாப் போலி மாத்திரை) வரை பத்துப் படிகள் உள்ளன. காத்திருந்தும் பயன் சொற்பம் என்பதை உருவாக்கியவர்களே கடைசிப் பெயரில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஓபிஎஸ் இயல்பாக எடுத்துக்கொள்வது ‘வெரிஃபாஸ்ட்’. எச்சரிக்கை வந்தால் ஒரு படி வேகமானதற்குப் போவதே முதல் முயற்சியாக இருக்க வேண்டும். அதனால் சுருக்கும் திறன் குறைந்து, அதே தரத்துக்குக் கோப்பு பெரிதாகும். பதிவைப் பொறுத்தவரை அது மலிவான விலை. அவ்வகையில் பார்த்தால், பதிவு செய்பவர் பிட்ரேட்டைக் குறைப்பதைவிட, அதைத் தாராளமாக விட்டுவிட்டு என்கோடரின் தேடலைக் குறைப்பதே முறை. நிலையான பிட்ரேட்டுக்குப் பதிலாக நிலையான தரத்தை, அதாவது சிஆர்எஃப் எண்ணை 18 முதல் 23 வரைக்குள் வைத்துப் பதிவதும் இதே நோக்கில் நல்லது: அசையாத காட்சிக்குக் குறைந்த இடமும் அலைபாயும் காட்சிக்கு அதிக இடமும் தானாகவே கிடைக்கும்.

சராசரிச் சுமையைப் பார்த்து ஏமாறுவதும் இங்கே வழக்கம். திரையில் எழுத்தும் சாளரங்களும் அசையாமல் இருக்கும்போது, ‘மாற்றமில்லை’ என்ற ஒரு குறிப்போடு பெரும்பாலான கட்டங்களை என்கோடர் தாண்டிச் சென்றுவிடும். பக்கத்தை வேகமாக நகர்த்தும்போதோ, விளையாட்டில் புல்வெளியும் நீரலையும் திரையை நிறைக்கும்போதோதான் பழைய பிரேம்களில் எதுவும் சரியாகப் பொருந்தாமல் தேடல் நீள்கிறது. எனவே பிராசசர் பயன்பாடு அறுபது விழுக்காடு என்று காட்டினாலும், பிரேம்கள் தொலையலாம். அதுவும் பார்க்க வேண்டிய தருணத்திலேயே தொலையும். சோதனைப் பதிவை வெறும் மேசைத்திரையில் எடுத்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்புவது வீண். உங்கள் வேலையில் வரக்கூடிய மிகப் பரபரப்பான காட்சியைச் சில நிமிடம் ஓடவிட்டு, ‘ஸ்டாட்ஸ்’ எண்கள் ஏறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். மடிக்கணினியில் அந்தச் சோதனை இன்னும் நீளமாக இருக்க வேண்டும். சூடேறிய பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளச் சற்று நேரமாகும்.

பிரிசெட் மாற்றியும் தீராவிட்டால் என்கோடிங்கைப் பிராசசரிடமிருந்தே எடுத்துவிடலாம். இன்டெல் 2011-இல் சாண்டி பிரிட்ஜ் பிராசசர்களில் ‘குயிக் சிங்க்’ சுற்றைக் கொண்டுவந்தது. என்விடியா 2012-இல் கெப்ளர் கார்டுகளில் தன் என்கோடர் சுற்றைச் சேர்த்தது. ஏஎம்டி-க்கும் தனியாக ஒன்று உண்டு. இவை தேடலுக்கென்றே செதுக்கப்பட்ட சுற்றுகள் என்பதால், படம் வரையும் அலகுகளை ஏறக்குறைய தொடுவதே இல்லை. பழைய தலைமுறைகளில் தரம் எக்ஸ்264-ஐவிடத் தாழ்ந்திருந்தது உண்மை. 2018-இல் வந்த என்விடியாவின் டூரிங் தலைமுறைக்குப் பின், பதிவுக்குத் தேவையான பிட்ரேட்டில் அந்த வேறுபாட்டைக் கண்ணால் பிடிப்பது அரிது. ஒரே எச்சரிக்கை: வரப்போகும் பிரேம்களை முன்கூட்டியே ஆராயும் ‘லுக்-அஹெட்’ போன்ற கூடுதல் வசதிகள் தனிச்சுற்றுக்கு வெளியே கிராபிக்ஸ் அலகுகளைக் கடன் வாங்குகின்றன. கார்டு ஏற்கெனவே திணறினால் அவற்றை அணைப்பது நல்லது.

பிரேம் வீதத்தை 60-இலிருந்து 30-ஆக்கினால் வேலை பாதியாகிறது. அளவை 1280×720-ஆகக் குறைத்தால் புள்ளிகள் 44 விழுக்காடாகச் சுருங்குகின்றன. பாடம் நடத்தும் பதிவுகளுக்கு நான் முதல் வழியையே பரிந்துரைப்பேன். விரிவுரைக்கு 30 பிரேம் தாராளம். சிறிய எழுத்து மங்கினால்தான் பார்ப்பவர் எரிச்சலடைவார்.

வரைவதில் தாமதம் என்ற கணக்கு ஏறினால், இதுவரை சொன்ன மருந்துகளில் பெரும்பாலானவை உதவா. அங்கே திணறுவது கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டுக்கு வேக வரம்பு எதுவும் வைக்காவிட்டால், அது தன்னால் முடிந்த எல்லா பிரேம்களையும் வரைந்து கார்டை முழுவதுமாக விழுங்கிவிடும். ஓபிஎஸ் தன் காட்சியை வரைய முறை கிடைக்காமல் நிற்கும். விளையாட்டின் பிரேம் வீதத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். விண்டோஸில் ஓபிஎஸ்ஸை நிர்வாகி உரிமையோடு திறந்தால், கார்டில் அதற்கு முன்னுரிமை கிடைக்கும். முன்னோட்டத்தை அணைப்பதும், ‘ஸ்டுடியோ மோட்’ வேண்டாதபோது மூடிவைப்பதும் உதவும். அந்த முறையில் இரண்டு காட்சிகள் ஒரே சமயத்தில் வரையப்படுகின்றன.

வட்டின்மேல் பழி போடுவது அரிதாகவே நியாயம். நொடிக்கு 40 மெகாபிட் பதிவுக்குத் தேவை 5 மெகாபைட் எழுதும் வேகம். சாதாரண ஹார்ட் டிஸ்க்கே இதை எளிதில் தாங்கும். இழப்பில்லா முறையில் பதிவதும், மலிவான பென் டிரைவில் நேரடியாக எழுதுவதும் விதிவிலக்கு.

எல்லாக் கணக்கும் பூஜ்யத்தில் நிற்க, படம் அப்போதும் நொண்டுவது உண்டு. 144 ஹெர்ட்ஸ் திரையை, அதாவது நொடிக்கு 144 முறை புதுப்பிக்கப்படும் திரையை, 60 பிரேமில் பதியும்போது, பதிவின் ஒரு பிரேமுக்குத் திரையின் 2.4 புதுப்பிப்புகள் வருகின்றன. பாதி பிரேமை எடுக்க முடியாததால் சில சமயம் இரண்டு, சில சமயம் மூன்று புதுப்பிப்புகளுக்கு ஒரு படம் என்று இடைவெளி மாறி மாறி விழுகிறது. சீராக நகரும் காட்சியில் கண் அதைப் பிடித்துவிடும். இங்கே எந்தப் பிரேமும் தொலையவில்லை என்பதால் ‘ஸ்டாட்ஸ்’ சாளரம் எதையும் சொல்லாது. பதிவு நேரத்துக்கு மட்டும் திரையை 120 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால், விகிதம் சரியாக இரண்டாகி அசைவு சீராகிவிடும்.