நடந்தால் நகம் தானாகத் தேயும் என்பதை விட்டுவிடுங்கள்

இந்த வாரமும் ஒன்று வந்தது. வயதான நாய், அடர்ந்த முடி. "காலைத் தொட்டாலே கடிக்க வருது டாக்டர், வயசானதுல குணமே மாறிடுச்சு" என்றார்கள். முன்னங்காலின் உள்பக்கத்து முடியை விலக்கிப் பார்த்தேன். சற்று மேலே தனியாக இருக்கும் பெருவிரலின் நகம் முழு வளையமாகச் சுருண்டு, நுனி சதைக்குள் இறங்கியிருந்தது. சுற்றிலும் சீழ், ஈரம், நாற்றம். மயக்கம் கொடுத்து, வளையத்தை வெட்டி, உள்ளே புதைந்த துண்டை உருவி எடுத்தோம். குணம் எங்கேயும் மாறவில்லை. பல வாரமாக வலி, அவ்வளவுதான்.

அந்த வீட்டில் நாயின் மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியும். ஆனாலும் கோபம் வருகிறது, ஏனென்றால் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "தினமும் நடக்கப் போகுதே, தானா தேயும்னு நினைச்சோம்."

தேயாது. அந்தப் பெருவிரல் நகம் நடக்கும்போது தரையைத் தொடுவதே இல்லை, அப்புறம் எப்படித் தேயும்? மற்ற நகங்களாவது தேயுமா என்றால், தரை கரடுமுரடாக இருக்க வேண்டும், நாய் நிறைய ஓட வேண்டும், பாதம் சரியாக ஊன்ற வேண்டும். புல்லில் கால்மணி நேரம் உலவிவிட்டு வந்து வழுவழுப்பான தரையில் நாள் முழுக்கப் படுத்திருக்கும் நாய்க்கு இதில் எது இருக்கிறது? மூட்டு வலியுள்ள கிழட்டு நாய் இன்னும் குறைவாக நடக்கும், நகம் இன்னும் வேகமாக நீளும். நீண்ட நகம் தரையில் இடித்து விரலைப் பின்னுக்குத் தள்ளும். பாதம் ஊன்றும் கோணம் மாறி, ஏற்கெனவே வலிக்கிற மூட்டுக்கு இன்னும் சுமை கூடும்.

"காட்டு விலங்குக்கு யார் நகம் வெட்டுறாங்க?" என்றும் கேட்பார்கள். காட்டில் அது நாள் முழுக்க ஓடுகிறது, தோண்டுகிறது, பாறையில் ஏறுகிறது. ஓட முடியாமல் போனது அங்கே வயதாகும் வரை இருப்பதும் இல்லை. உங்கள் வீட்டில் அது நிம்மதியாக முதுமை அடைகிறது. அந்த முதுமைக்கு ஏற்ற கவனிப்பையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

சோதிப்பது சுலபம். சமதரையில் நேராக நிற்க வையுங்கள். நகம் தரையில் பட்டால் நீளம். நடக்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்டாலும் அதே கதைதான். பெருவிரல் நகத்தை மட்டும் கையால் தடவிப் பாருங்கள், அடர்முடிக்குள் கண்ணுக்குத் தெரியாது. சில நாய்களுக்குப் பின்னங்காலிலும் அது உண்டு.

வெட்டப் பயமாக இருக்கிறது என்பது நியாயமான பயம். நகத்துக்குள் ரத்தமும் நரம்பும் ஓடும் சதை இருக்கிறது. வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும், கறுப்பு நகத்தில் தெரியாது. கறுப்பு நகத்தைச் சீவல் சீவலாக வெட்டி, ஒவ்வொரு முறையும் வெட்டிய முகத்தைப் பாருங்கள். நடுவில் ஈரப்பசையுள்ள சிறு புள்ளி தெரிந்தால் நிறுத்துங்கள். மனிதருக்கான நகவெட்டி பெரிய நாயின் நகத்தை நசுக்கும், பிளக்கும். அது வேண்டாம். ரத்தம் வந்துவிட்டால் பதற வேண்டாம், சோளமாவை வைத்துச் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் கொண்டு வாருங்கள்.

நகம் மிக நீண்டுபோயிருந்தால் உள்ளே இருக்கும் சதையும் கூடவே நீண்டிருக்கும். ஒரே நாளில் குட்டையாக்க முடியாது. வாரம் ஒருமுறை நுனியை மட்டும் எடுத்துக்கொண்டே வந்தால் சதை மெல்லப் பின்வாங்கும். குட்டியாக இருக்கும்போதே தினமும் பாதத்தைத் தொட்டுப் பழக்கியிருந்தால் இதில் பாதிச் சண்டை இருக்காது.

பூனை விஷயத்தில், "அதுதான் எப்பவும் பிறாண்டுதே" என்பார்கள். பிறாண்டும்போது பழைய மேலோடு கழன்று புதிய கூரான நகம் வெளியே வருகிறது. வயதான பூனை பிறாண்டுவதைக் குறைத்துக்கொள்ளும். மேலோடு தடித்து, வளைந்து, பாதத்தின் மெத்தையில் குத்தும். மாதம் ஒருமுறையாவது விரலை மெல்ல அழுத்தி நகத்தை வெளியே கொண்டுவந்து பாருங்கள். "சோபாவைக் கிழிக்குது, நகத்தையே எடுத்துடலாமா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அது நகத்தோடு சேர்த்து விரலின் கடைசி எலும்பையே வெட்டி எடுக்கும் அறுவை. சோபாவுக்காக நான் அதைச் செய்ய மாட்டேன்.

மாடு விந்தி நடந்தால் எல்லோரும் தோளையும் முட்டியையும் நீவுகிறார்கள். கறவை மாடுகளின் நொண்டலில் பெரும்பகுதி குளம்பில்தான் தொடங்குகிறது, அதிலும் பின்னங்காலின் வெளிக்குளம்பில். குளம்பு மாதத்துக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் வளரும். முன்பக்கம் நீண்டுவிட்டால் எடை குதிகால் பக்கம் சரிந்து உள்ளங்கால் புண்ணாகும். முதலில் காலைத் தூக்கி, கழுவி, அடியைப் பாருங்கள். எண்ணெய் நீவல் அப்புறம். ஒன்றுக்கு மேற்பட்ட மாடுகள் ஒரே நேரத்தில் நொண்டி, வாயில் எச்சிலும் வடிந்தால் அது வேறு, கோமாரியாக இருக்கலாம். அந்த மாடுகளை மந்தையிலிருந்து பிரித்து வைத்து உடனே மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

ஆட்டின் குளம்போரம் உள்பக்கம் மடங்கி, இடையில் சேறும் சாணமும் அடைந்து அழுகும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை மடிந்த ஓரத்தைச் சீவுங்கள், இளஞ்சிவப்பு தெரிந்ததும் கத்தியை எடுத்துவிடுங்கள். குளம்பை நனைக்க மயில்துத்தம் (செம்பு கலந்த நீல உப்பு) கரைத்த நீரைச் செம்மறி குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், செம்பு அதற்கு நஞ்சு. குதிரைக்கு லாடம் இருக்கிறதோ இல்லையோ, அதே ஆறு எட்டு வாரக் கணக்குதான். தினமும் குளம்பின் அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்யும்போது, நடுவில் முக்கோணமாக இருக்கும் மெத்தைப் பகுதியின் பள்ளத்தில் கறுப்பாக, நாற்றத்தோடு கசிவு தெரிந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். நகம் சதைக்குள் இறங்கியிருப்பதைக் கண்டால் வீட்டிலேயே பிடுங்காதீர்கள். இழுத்தால் நுனி உடைந்து உள்ளேயே தங்கும், வலியில் உங்களையும் கடிக்கும். நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டி, அப்படியே கொண்டு வாருங்கள்.