டவுட் என்ற சொல்லும் நம் ஐயமும்

உசிலம்பட்டிப் பக்கத்து ஊரிலிருந்து வந்து என்னிடம் ஆங்கிலம் படித்த இளைஞர் ஒருவர், கணினி நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தமக்கு நேர்ந்ததை அண்மையில் சொன்னார். இரவுப் பணியில் இருந்தபோது, வாடிக்கையாளரின் சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது போல அவருக்குத் தோன்றியிருக்கிறது. 'டிஸ்க் நிரம்பியிருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது' என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, 'ஐ டவுட் தி டிஸ்க் இஸ் ஃபுல்' என்று இங்கிலாந்தில் இருந்த அலுவலருக்கு மின்னஞ்சல் எழுதிவிட்டார். அதைப் படித்தவர் கொண்ட பொருளோ, 'டிஸ்க் நிரம்பியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை' என்பது. ஆகவே அவர் டிஸ்கை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் சோதித்துப் பார்த்திருக்கிறார். கடைசியில் கோளாறு டிஸ்கில்தான் இருந்தது. இளைஞர் நினைத்ததும் சரி, அலுவலர் படித்ததும் சரி. இடையில் நின்ற ஒரு சொல் இருவருக்கும் எதிரெதிர்ப் பொருளைத் தந்துவிட்டது. அந்தச் சொல்லை அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான் என்பதால், அதை முறையாக விளக்கி எழுதும் கடமை எனக்கு இருக்கிறது.

டவுட் என்பதற்கு 'சந்தேகம்' என்று ஒற்றைச் சொல்லில் பொருள் எழுதிக்கொண்டு மேலே போய்விடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. நாம் அன்றாடம் சந்தேகம் என்ற ஒரே சொல்லை மூன்று வேலைகளுக்கு அனுப்புகிறோம். வகுப்பில் கை தூக்கும் மாணவி, "சார், ஒரு டவுட்டு" என்கிறாள். அவள் கேட்கப்போவது தனக்குத் தெரியாத ஒன்றைப் பற்றிய கேள்வி. "அவர் இன்னைக்கு வர்றது சந்தேகம்தான்" என்று ஒருவர் சொன்னால், வரமாட்டார் என்ற பக்கம் அவர் மனம் சாய்ந்திருக்கிறது. "பர்ஸை அந்த ஆள்தான் எடுத்திருப்பானோன்னு சந்தேகமா இருக்கு" என்றால், எடுத்திருப்பான் என்ற பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆங்கிலம் இம்மூன்றுக்கும் மூன்று சொற்களை வைத்திருக்கிறது. முதலாவது கொஸ்டின், இரண்டாவது டவுட், மூன்றாவது சஸ்பெக்ட். வினைச்சொல்லாக வரும்போது டவுட் 'இல்லை' என்ற பக்கமும் சஸ்பெக்ட் 'ஆம்' என்ற பக்கமும் சாயும். 'ஐ டவுட் ஹி ஸ்டோல் இட்' என்றால் அவன் திருடியிருக்க மாட்டான் என்று கருதுகிறேன் என்பது பொருள். 'ஐ சஸ்பெக்ட் ஹி ஸ்டோல் இட்' என்றால் அவன்தான் திருடியிருப்பான் என்று கருதுகிறேன் என்பது பொருள். ஒருவரைக் காப்பாற்றவும் மாட்டிவிடவும் இந்த ஒரு வினைச்சொல்லின் வேறுபாடே போதும்.

டவுட் என்ற சொல்லின் பிறப்பைப் பார்த்தால் இந்தச் சாய்வு பிற்காலத்தில் வந்தது என்பது விளங்கும். இலத்தீனில் இரண்டு என்ற எண்ணுக்கு துவோ என்று பெயர். அதன் உறவில் பிறந்த துபியுஸ் என்ற சொல், இரண்டு பக்கமும் அசைந்து நிற்கும் மனத்தைக் குறித்தது. அதிலிருந்து துபிதாரே என்ற வினைச்சொல் வந்தது. பழைய பிரெஞ்சில் அது தூத்தேர் ஆகி, நடுக்கால ஆங்கிலத்துக்குள் வரும்போது பி என்ற எழுத்து இல்லாமலேதான் வந்தது. பின்னர் இலத்தீன் கற்ற புலவர்கள், மூலச் சொல்லின் நினைவாக அந்த எழுத்தை எழுத்துக்கூட்டலில் திரும்பச் செருகினார்கள்; எழுதும் கை ஏற்றுக்கொண்டதை நாக்கு ஏற்கவில்லை. கடன் என்று பொருள்படும் டெட் என்ற சொல்லுக்கும் இதே கதைதான். ஆகவே 'டவுப்ட்' என்று அழுத்திச் சொல்லத் தேவையில்லை. ஜெர்மன் மொழியிலும் ஐயத்தைக் குறிக்கும் த்ஸ்வைஃபெல் என்ற சொல்லுக்குள் இரண்டு என்று பொருள்படும் த்ஸ்வை இருக்கிறது. இரண்டு என்ற எண்ணே இந்தச் சொற்களுக்கெல்லாம் கரு.

பழைய பிரெஞ்சு வினைச்சொல்லுக்கு அஞ்சுதல் என்ற பொருளும் இருந்தது. அது ஆங்கிலத்துக்கும் வந்து, ஸ்காட்லாந்துப் பேச்சில் இன்றும் எச்சமாக நிற்கிறது. 'மழை வருமென்று டவுட் பண்ணுகிறேன்' என்று அங்குள்ள ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னால், மழை வந்துவிடும் போலிருக்கிறதே என்ற அச்சத்தைத்தான் சொல்கிறார். நம் இளைஞர் எழுதிய பொருளுக்கு இது மிக அருகில் இருக்கிறது. அவருடைய வாக்கியம் மனித மனத்துக்கு அந்நியமானது அன்று. இன்றைய பொது ஆங்கிலத்தில் அதற்கு இடம் இல்லை, அவ்வளவுதான். சஸ்பெக்ட் என்பதோ கீழிருந்து, மறைவாக நோக்குதல் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒருவரை ஓரக்கண்ணால் பார்ப்பது அதற்குள்ளேயே இருக்கிறது.

இனி நம் பக்கம். சந்தேகம் வடசொல். ஒன்றோடொன்று பூசப்பட்டுக் கலங்கிய நிலை என்பது அதன் வேர்ப்பொருள். தமிழ்ச் சொல் ஐயம். வினையாக ஐயுறுதல், ஐயப்படுதல். தொல்காப்பியம் இடையியலில் 'கொல்லே ஐயம்' என்று இரண்டே சொற்களில் நூற்பா செய்திருக்கிறது. கொல் என்ற இடைச்சொல் வந்தால் அங்கே மனம் இரண்டுபட்டு நிற்கிறது என்பது பொருள். வள்ளுவர் 1081ஆம் குறளில் 'அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ கனங்குழை மாதர்கொல்' என்று மூன்று கொல்களை அடுக்கும்போது, தெய்வமா, மயிலா, பெண்ணா என்று தலைவனின் நெஞ்சு ஒன்றிலும் நிலைகொள்ளாமல் தடுமாறுவதைக் கேட்கிறோம். கொல் வழக்கொழிந்துவிட்டது, அதன் வேலையை இன்று ஓகாரம் செய்கிறது. 'வருவாரோ மாட்டாரோ', 'பாம்போ கயிறோ' என்று நம் வீட்டுப் பாட்டிமார் பேசுவது அதே இலக்கணம்.

இதைவிடத் தெளிவான வரையறையை நன்னூல் தருகிறது. வினாவை அறிவு, அறியாமை, ஐயுறல், கொளல், கொடை, ஏவல் என்று ஆறாகப் பிரித்த பவணந்தியார், அறியாமையால் எழும் வினாவையும் ஐயத்தால் எழும் வினாவையும் தனித்தனியே வைத்தார். மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால் இந்த இலக்கணம் கண்முன் நடக்கும். ஊருக்குப் புதியவர் ஒருவர் நடத்துநரிடம், "மேலூருக்கு எந்த பஸ்ஸுண்ணே போகும்?" என்று கேட்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அது அறியா வினா. பக்கத்தில் நிற்கும் உள்ளூர்ப் பெண்மணி திருச்சி பேருந்தைக் காட்டி, "இது மேலூருக்குள்ள போகுமா, பைபாஸ்ல போயிருமா?" என்று கேட்கிறார். அவருக்கு இரண்டு வழியும் தெரியும். இந்த வண்டி எந்த வழி என்பதுதான் தெரியவில்லை. அது ஐய வினா. ஆங்கிலக்காரர் முதலாவதை டவுட் என்று சொல்லவே மாட்டார். ஆகவே வகுப்பில் 'ஐ ஹேவ் எ டவுட்' என்று சொல்லும் மாணவர், தமக்குள் இரண்டு விடைகள் மோதிக்கொண்டிருந்தாலொழிய, 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்று சொல்வதே பொருத்தம். நம் நாட்டு வகுப்பறைக்குள் ஆசிரியர் எல்லாருக்கும் முதல் வாக்கியமும் விளங்கும். அதைக் கேட்டுவிட்டு ஒரு மாணவரை நாணச் செய்வது தவறு. ஆனால் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவரிடம் பாடம் முடிந்ததும் அப்படிச் சொன்னால், தாம் சொன்னதை இவர் நம்பவில்லையோ என்று அவர் எண்ணிக்கொள்ள இடம் உண்டு.

ஐயத்துக்கு மதுரையைவிடப் பொருத்தமான ஊர் வேறு இல்லை. திருவிளையாடற் புராணம் சொல்லும் கதையில், செண்பகப் பாண்டியனுக்கு எழுந்தது முறையான ஐயம்: அரசியின் கூந்தலில் வரும் மணம் இயற்கையா, செயற்கையா? இரண்டு விடைகள் அவன்முன் நின்றன. எது உண்மை என்பதில்தான் அவன் தடுமாறினான். அந்த ஐயத்தைத் தீர்ப்பவருக்கு ஆயிரம் பொன் கொண்ட கிழியைச் சங்க மண்டபத்தில் தொங்கவிட்டான். இறைவன் தருமிக்குக் கொடுத்தனுப்பியதாகச் சொல்லப்படும் பாட்டு, குறுந்தொகையில் இரண்டாவதாக உள்ள 'கொங்குதேர் வாழ்க்கை'. தலைவியின் கூந்தலைவிட மணமுள்ளவை நீ அறிந்த பூக்களில் உண்டோ என்று தும்பியைக் கேட்டு அது முடிகிறது. ஐயம் தீர்க்க வந்த பாட்டே ஒரு வினாவில் முடிவதும், அதன் முதல் அடியிலேயே தேர்தல் என்ற சொல் நிற்பதும் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பைத் தருகின்றன.

தேர்தல் என்பதை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். ஆராய்ந்து கொள்ளுதல் என்பது அதன் பொருள். ஐயம் தோன்றியபின் தேர வேண்டும். தேர்ந்தபின் தெளிவு வரும். இதே மதுரையில் கண்ணகி அரசவைக்குள் வந்து விளித்த சொல் 'தேரா மன்னா' என்பது. பாண்டியன் செய்த பிழை ஐயுற்றது அன்று. பொற்கொல்லன் சொன்னதை ஐயுறாமல், ஆராயாமல் தெளிந்துவிட்டதுதான். சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது அவன் சொன்ன 'யானோ அரசன் யானே கள்வன்' என்பதில் உள்ள இரண்டு எழுத்துகளைக் கவனியுங்கள். முன்னது ஓகாரம்; அரசன் என்பதை மறுக்கிறது. பின்னது ஏகாரம், கள்வன் என்பதைத் தேற்றமாக உறுதி செய்கிறது. தமிழில் மனத்தின் சாய்வு எப்போதும் இப்படிச் சொல்லின் கடைசியில்தான் குடியிருக்கிறது.

மொழிபெயர்ப்புக்கு வழியும் அங்கேதான் இருக்கிறது. சந்தேகம் என்ற சொல்லைப் பார்க்காதீர்கள், அதற்கு முன்னால் நிற்கும் சொல்லின் ஈற்றைப் பாருங்கள் என்றுதான் இப்போது நான் வகுப்பில் சொல்கிறேன். 'வருவது சந்தேகம்' என்று 'அது' ஈறு வந்தால் ஆங்கிலத்தில் டவுட். 'வருவாரோ என்று சந்தேகம்' என்று ஓகாரம் வந்து, வரக்கூடும் என்ற பக்கம் மனம் சாய்ந்திருந்தால் சஸ்பெக்ட். 'சந்தேகம் கேட்டேன்' என்றால் கொஸ்டின். 'அவர் மேல் சந்தேகம்' என்று ஆளின்மேல் ஏறினால் மறுபடியும் சஸ்பெக்ட். அந்த இடத்தில் 'ஐ டவுட் ஹிம்' என்று எழுதினால், அவர் சொல்வதை நான் நம்பவில்லை என்ற அளவிலேயே அது நிற்கும், குற்றத்தைச் சுட்டாது.

ஆங்கில வாக்கியத்துக்குள் இரண்டு நுணுக்கங்களைச் சொல்லிவிடலாம். உடன்பாட்டில் டவுட் வந்தால் அதன்பின் இஃப் அல்லது வெதர் வருவது இயல்பு. 'ஐ டோன்ட் டவுட்' என்று எதிர்மறையாக வந்தால் தட் வர வேண்டும், ஏனெனில் அங்கே இரண்டுபட்ட நிலை நீங்கிவிட்டது. அடுத்து, 'நோ டவுட்' என்பதை 'ஐயமே இல்லை' என்று நம்பி எழுதக் கூடாது. 'நோ டவுட் ஹி இஸ் டயர்ட்' என்றால் 'களைப்பாகத்தான் இருப்பார்' என்ற ஊகமே பெரும்பாலும் பொருள். முழு உறுதியைச் சொல்ல 'வித்தவுட் டவுட்' என்றோ 'அண்டவுட்டட்லி' என்றோ எழுத வேண்டும்.

ஈடான தமிழ்ச் சொல்லைக் குறித்து எனக்கு உறுதியான கருத்து உண்டு, அதற்குக் காரணம் நம் செய்தித்தாள்கள். ஒரே பக்கத்தில் 'சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை' என்ற செய்தியும் 'சந்தேகத்திற்கு இடமாகச் சுற்றித் திரிந்தவர் கைது' என்ற செய்தியும் வருகின்றன. முன்னதில் உள்ள சந்தேகம், அரசுத் தரப்பு வழக்கின்மேல் நீதிபதிக்கு எழுந்தது. பின்னதில் உள்ளது ஓர் ஆளின்மேல் போலீசாருக்கு எழுந்தது. சொல் ஒன்றாக இருப்பதால், விடுதலையானவர் ஊருக்குத் திரும்பியபிறகும் 'சந்தேகம் இன்னும் தீரலை போல, அதான் அப்படி எழுதியிருக்காங்க' என்று டீக்கடையில் பேசுகிறார்கள். நீதிமன்றம் யாருக்கு ஆதரவாகச் சொன்னதோ, அவர்மீதே சொல் திரும்பிப் பாய்கிறது. இதை நான் நேரில் கேட்டு வருந்தியிருக்கிறேன்.

இதற்குத் தீர்வு 510ஆம் குறளிலேயே இருக்கிறது: 'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்.' தெளிந்தான்கண் என்று ஓர் ஆளைச் சுட்டி, அவன்மேல் எழும் ஐயத்துக்கு ஐயுறவு என்ற சொல்லை வள்ளுவர் ஆண்டிருக்கிறார். ஆகவே டவுட் என்பதற்கு ஐயம் என்றும், ஆளின்மேல் எழும் சஸ்பிஷன் என்பதற்கு ஐயுறவு என்றும், கேள்விக்கு வினா என்றும் மூன்றையும் பிரித்து எழுதினால் குழப்பத்துக்கு இடமில்லை. 'ஐயத்தின் பயனை அளித்து விடுதலை', 'ஐயுறவுக்கு இடமாகத் திரிந்தவர்' என்று எழுதிப் பாருங்கள். இரண்டும் உடனே விலகி நிற்கும். பழைய நூல்களைப் படிப்போர் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்: ஔவையார் 'ஐயம் இட்டு உண்' என்று சொன்ன ஐயம், இரப்போர்க்கு இடும் பிச்சை. அது வேறு சொல்.

உசிலம்பட்டி இளைஞர் அந்த மின்னஞ்சலைத் தம் கைப்பேசியில் இன்னும் வைத்திருக்கிறார். அதைத் திருத்தி எழுதச் சொன்னேன். முதலில் தமிழில் 'நிரம்பியிருக்குமோ' என்று எழுதி, கடைசி ஓகாரத்தின் கீழ்க் கோடிட்டு, அதன்பிறகு 'ஐ சஸ்பெக்ட் தி டிஸ்க் இஸ் ஃபுல்' என்று எழுதிக் காட்டினார்.